மாறிய பயணி

நேராகப் போகும் விமானத்தை ஆவியக்கா கண்ணெடுத்தும் பார்ப்பதில்லை. இஸ்திரி மேசையின் ஓரத்தில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, வலக்கையால் நீலச் சட்டையின் காலரைத் தேய்த்தபடி, இடக்கை விரலால் திரையைத் தள்ளிக்கொண்டே போகிறார். இரண்டு மணி நேரத்தில் கொண்டுபோய் இறக்கிவிடும் விமானம் முதல் வரியிலேயே பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. அதைத் தாண்டுகிறார். அடுத்ததையும் தாண்டுகிறார். நடுவில் ஓர் ஊரில் இறங்கி, மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்து, இன்னொன்றில் ஏறிப் போகும் வழி ஆறாவது வரியில் இருக்கிறது. விலையும் நேர் விமானத்தைவிடக் குறைவு. “இந்தா இருக்கு நம்மளுது” என்று இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைக்கிறார்.

எதிரே டீயோடு உட்கார்ந்திருக்கும் வீட்டுக்காரர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறவர். நேர்வழி இருக்கும்போது சுற்றிப் போகிற ஆளை முதல் நாளே பிடித்துக் காய்ச்சிவிடுவார். மூக்கைத் தொடுவதற்குத் தலையைச் சுற்றிக் கையைக் கொண்டுபோகிறவளோடு இருபத்தாறு வருடம் குடித்தனம் நடத்திவிட்டேன் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். ஆவியக்கா அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. சட்டையை மடித்துப் பைக்குள் வைத்தபடி, “நேரா போனா ஒண்ணு. சுத்திப் போனா ரெண்டு. திரும்பி வர்றதுக்கு ரெண்டு. நாலு ஆச்சா?” என்று விரல்களை மடக்குகிறார்.

மடக்கிய விரல்கள் தகுதிப் புள்ளிகள். அவர் பறக்கும் கம்பெனியில் ஒரு தடவை ஏறி இறங்கினால் ஒரு புள்ளி. பக்கத்து ஊருக்கு முக்கால் மணி நேரம் பறந்தாலும் ஒன்றுதான், கடலைத் தாண்டி ஒரு பகல் முழுக்கப் பறந்தாலும் ஒன்றுதான். வருடம் முடிவதற்குள் நாற்பது சேர்ந்தால் அடுத்த வருடம் முழுக்கத் தங்க அட்டை. முப்பத்தொன்பது சேர்ந்தால் ஒன்றும் கிடையாது. டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி முடிந்ததும் எல்லாருடைய எண்ணிக்கையும் அழிந்து மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். இந்தச் சூட்சுமம் பிடிபட்ட நாளிலிருந்து ஆவியக்கா எங்கே போனாலும் துண்டு துண்டாகத்தான் போகிறார்.

பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இவர் பார்க்கும் ஆவி நீராவி. ஆஸ்பத்திரிகளில் அறுவைக்கு வேண்டிய கத்தி, கத்தரி, இடுக்கி எல்லாவற்றையும் துணியில் மூட்டை கட்டி, ஓர் இரும்புப் பெட்டிக்குள் தள்ளிக் கதவை இறுக்கி, கொதிக்கிற நீராவியில் வேகவைப்பார்கள். கிருமி செத்த பிறகுதான் அந்த மூட்டை டாக்டரின் மேசைக்குப் போகும். அந்தப் பெட்டி படுத்துவிட்டால் ஆப்பரேஷன் தியேட்டரும் கூடவே படுத்துவிடும். படுத்த பெட்டியை எழுப்பி உட்காரவைப்பதுதான் இவருடைய தொழில். பெட்டி செய்யும் கம்பெனியில் பதினெட்டு வருடம் இருந்துவிட்டு, ஆறு வருடத்துக்கு முன் வெளியே வந்து தனியாகச் செய்கிறார்.

ஒரு தடவை பக்கத்து இருக்கைக்காரர் என்ன வேலை என்று விசாரித்தபோது, இவர் வழக்கம்போல, “ஆஸ்பத்திரிகள்ல ஆவி பாக்குறேன்” என்று சொல்லியிருக்கிறார். அந்த மனிதர் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தாழ்ந்த குரலில், தன் வீட்டு மாடியில்கூட அடிக்கடி உஸ் உஸ்ஸென்று சத்தம் கேட்பதாகவும், வந்து பார்க்க முடியுமா என்றும் கேட்டிருக்கிறார். “ரப்பர் வளையம் தேஞ்சிருக்கும்” என்று அக்கா சொன்னாராம்.

இந்தத் தொழிலுக்கு ஒரு கருவிப் பெட்டி உண்டு. அலுமினியம், ஒரு மூலை நசுங்கியது, இருபத்தெட்டு கிலோ. உள்ளே ஏழு அளவில் ஸ்பேனர், அழுத்தமானி, வால்வு, விதவிதமான கதவு வளையங்கள். இதைக் கையோடு விமானத்துக்குள் கொண்டுபோக விடமாட்டார்கள். வயிற்றுப் பகுதியில்தான் போட வேண்டும். ஆஸ்பத்திரியில் ஆட்கள் கையைப் பிசைந்துகொண்டிருக்கும்போது, இறங்கிய ஊரில் பெல்ட் பக்கத்தில் அரை மணி நேரம் இந்தப் பெட்டிக்காகத் தேவுடு காத்து நின்ற காலம் உண்டு. தங்க அட்டை வந்த பிறகு பெட்டிக்குக் கட்டணம் இல்லை, கைப்பிடியில் தொங்கும் தங்க நிறப் பட்டையைப் பார்த்ததும் அதைத்தான் முதலில் பெல்ட்டில் போடுகிறார்கள். பெட்டிக்கூலி மிச்சமாவதால் சின்ன ஆஸ்பத்திரிகளுக்கு நான்கு வருடமாகக் கூலியை ஏற்றாமல் வைத்திருக்கிறார். அட்டை போனால் முதலில் அடி விழுவது அங்கேதான் என்பது அவருக்குத் தெரியும்.

அட்டையின் ஒவ்வொரு சலுகைக்கும் அவர் ஒரு விலை வைத்திருக்கிறார். அது கம்பெனி சொல்லும் விலை கிடையாது. சும்மா தராவிட்டால் தன் கையிலிருந்து எவ்வளவு எடுத்துக் கொடுப்போம் என்பதுதான் விலை. பெட்டிக்கு முழு மதிப்பு. கிளம்புகிற அன்று கட்டணமில்லாமல் வேறு விமானத்துக்கு மாறிக்கொள்ளலாம் என்பதற்கு அதில் பாதி. வேலை இழுத்துவிட்டால் அது கைகொடுக்கும். முதலில் ஏறும் உரிமைக்குப் பூஜ்யம். “முதல்ல ஏறி என்ன பண்றது? எல்லாரும் ஏறுற வரைக்கும் உக்காந்து வேடிக்கை பாக்கணும்.” தங்க உறுப்பினர்களுக்கான ஓய்வறை, மெத்தை நாற்காலி, வரிசையாக மூடிவைத்த பாத்திரங்கள் எல்லாம் சேர்த்து ஒரு டீ, இரண்டு பிஸ்கட் விலை. அங்கே போவார், ஆனால் வீட்டிலிருந்து கொண்டுவந்த டிபன் டப்பாவைத்தான் திறப்பார். வெள்ளைக் கோட்டுப் போட்ட பரிமாறுகிறவர் முதலில் முகத்தைச் சுளித்தார். இப்போது அவரே ஒரு தட்டும் கரண்டியும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறார்.

இந்தக் கலையில் இவருக்கு ஒரு போட்டியாளர் உண்டு. தங்கையின் கணவர், காப்பீட்டுக் கம்பெனியில் அதிகாரி. பெட்டி கிட்டி எதுவும் கிடையாது, ஆனால் அட்டை வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவர். போன வருடக் கடைசியில் நான்கு புள்ளி குறைந்ததும், சேர்த்து வைத்திருந்த பரிசுப் புள்ளிகளைக் கொடுத்து இலவச டிக்கெட் வாங்கி, போன விமானத்திலேயே திரும்பி வருகிற மாதிரி இரண்டு தடவை போய் வந்தார். ஊர்முழுக்கச் சொல்லி, இனிப்புக்கூட வாங்கிக் கொடுத்துவிட்டார். ஆவியக்கா இனிப்பைக் கையில் வைத்துக்கொண்டே, “சும்மா கிடைச்ச டிக்கெட்ல பறந்தா தகுதிப் புள்ளி ஏறாதே மாப்பிள்ளை” என்றார். செலவழிக்கிற புள்ளி வேறு, தகுதிப் புள்ளி வேறு. பாதிப் பேர் கவிழ்வது இந்த இடத்தில்தான். மாப்பிள்ளை முகத்தில் ஈயாடவில்லை. இதைத் தன்னிடம் முன்னாலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்டார். கேட்டிருந்தால் போக வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன் என்றார் அக்கா. “பறக்குறவங்களுக்குத்தான் அட்டை. அட்டைக்காகப் பறந்தா அது வியாதி.” சொல்லிவிட்டு இனிப்பை வாயில் போட்டுக்கொண்டார்.

சுற்றிப் போகிறார் என்பதற்காக வேலைக்குப் பிந்துகிற ஆள் என்று நினைத்துவிடக் கூடாது. காலை எட்டு மணிக்கு வேலை என்றால் முதல் நாளே சுற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்திருப்பார். சுற்றுகிற நேரம் தன்னுடையது, வேலை நேரம் ஆஸ்பத்திரியுடையது என்பதில் கறார்.

அதைவிடக் கறாரான இடம் ஒன்று உண்டு. வேகவைக்கும் மூட்டையின் மேல் ஒரு டேப் ஒட்டியிருப்பார்கள். அதில் வெளிறிய கோடுகள் இருக்கும். நீராவியில் நன்றாக வெந்தால் அந்தக் கோடுகள் தானாகக் கறுத்துவிடும். கறுத்த கோட்டைப் பார்த்துத்தான் மூட்டையைத் தியேட்டருக்குள் எடுப்பார்கள். எங்கேயோ ஓர் ஆஸ்பத்திரியில், பெட்டி சரியாகச் சூடேறாத ஒரு நாள், அவசரத்தில் யாரோ கறுப்புப் பேனாவால் கோடுகளை இழுத்து வைத்திருந்ததை இவர் கண்டுபிடித்தார். அன்றைக்கு அவர் போட்ட சத்தத்தில் மூன்றாவது மாடியிலிருந்து ஆள் இறங்கி வந்தது. அதற்குப் பிறகு எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், கைகூடக் கழுவாமல், அலமாரியில் அடுக்கியிருக்கும் மூட்டைகளைக் காட்டி முதல் கேள்வியாக அதைத்தான் கேட்கிறார்: “இதெல்லாம் மாறினதா, மாத்துனதா?”

இதே சொல்லை வைத்து விமானக் கம்பெனியோடும் ஒரு தடவை மல்லுக்கு நின்றிருக்கிறார். மூன்று வருடத்துக்கு முன் ஒரு காலை, மூடுபனியால் அவருடைய முதல் விமானம் ரத்தாகி, அவரை நேர் விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். இரண்டு புள்ளி வர வேண்டிய இடத்தில் ஒன்றுதான் வரும் நிலைமை. ஆனால் கம்பெனியின் விதிப் புத்தகத்தில் ஒரு வரி இருக்கிறது: கம்பெனியே பயணியின் வழியை மாற்றினால் பழைய வழிக்குரிய புள்ளியைக் கொடுத்துவிட வேண்டும். பயணியே விரும்பி மாறினால் கிடையாது. விமானம் மாறுகிற ஒவ்வொருவருக்கும் கவுன்டரில் கையால் எழுதி முத்திரை குத்திய ஒரு சீட்டுத் தருவார்கள். புள்ளி எத்தனை என்று தீர்மானிப்பது அந்தச் சீட்டுத்தான். டை கட்டிய அதிகாரி சீட்டில் ‘மாறிய பயணி’ என்று எழுதி நீட்டினார்.

ஆவியக்கா சீட்டை வாங்கவில்லை. “நான் மாறல தம்பி. நீங்க மாத்துனீங்க.”

இரண்டும் ஒன்றுதானேம்மா என்றார் அதிகாரி. வரிசை நீண்டுகொண்டிருந்தது, அவருக்கு வியர்த்திருந்தது.

“ஒண்ணுன்னா, நடுவுல அந்த ஒரு எழுத்தைச் சேர்த்துப் போடுறதுல உங்களுக்கு என்ன நஷ்டம்?”

நாற்பது நிமிடம் நின்றார். பின்னால் இருந்தவர்களுக்கெல்லாம் வழிவிட்டுவிட்டு, கவுன்டர் ஓரத்திலேயே பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டார். கடைசியில் அதிகாரி சீட்டை வெடுக்கென்று தன் பக்கம் இழுத்து, ‘மாறிய’வுக்கு நடுவில் மேலே புள்ளி வைத்த ஒரே ஒரு ‘ற்’ போட்டு, ‘மாற்றிய பயணி’ ஆக்கிக் கொடுத்தார். அந்த ற்றின் புள்ளி அக்காவின் எண்ணிக்கையில் ஏறியது. அதிகாரியின் பக்கத்தில், அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்த கண்ணாடி போட்ட பெண் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அன்றிலிருந்து இவர் வரிசையில் வந்தால் அவள் எழுந்து நின்று பெட்டியை வாங்குவாள்.

இந்த வருடம் எண்ணிக்கை இழுபறியாகிவிட்டது. நடுவில் வீட்டுக்காரர் பயிற்சி வண்டியிலிருந்து இறங்கும்போது கால் பிசகி, எலும்பு விலகி, ஆறு வாரம் படுக்கையில் இருந்தார். அந்த ஆறு வாரமும் அக்கா எந்த வேலையையும் ஒத்துக்கொள்ளவில்லை. எத்தனை புள்ளி போயிற்று என்று அவர் கேட்டபோதெல்லாம் பேச்சை மாற்றிவிட்டார். ஆள் விடுவாரா? திரையைத் திறந்து தானே எண்ணிப் பார்த்துவிட்டார். அதற்குப் பிறகு தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் கிண்டல் நின்றுபோனது. டிசம்பர் வந்ததும், சுற்றுவழி ஏதாவது தட்டுப்படுகிறதா என்று இஸ்திரி மேசையில் அவரும் குனிந்து தேட ஆரம்பித்தார்.

முப்பத்தாறில் நின்றது. வருடத்தின் கடைசி வேலையாக, முப்பதாம் தேதி போய் முப்பத்தொன்றாம் தேதி திரும்புகிற மாதிரி ஒன்று வந்தது. போக இரண்டு, வர இரண்டு. சரியாக நாற்பது. அந்த ஆஸ்பத்திரியில் இருந்த இரண்டு பெட்டிகளில் பெரியது படுத்து ஒரு வாரம் ஆகிறது. சின்னது ஓடிக்கொண்டிருந்ததால் அவசரமில்லை, சாயங்காலம் வந்தால் போதும் என்றார்கள். திரும்பும் டிக்கெட் இறங்குகிற நேரத்துக்குப் பிறகு அந்த வருடத்தில் ஏறுவதற்கு அவருடைய கம்பெனியில் வேறு விமானமே இல்லை. “நாலு” என்று வாசலில் விரலைக் காட்டி வழியனுப்பினார் வீட்டுக்காரர். அக்காவும் நாலு விரலைக் காட்டினார்.

முப்பதாம் தேதி காலை ஏழேமுக்கால். கவுன்டர் எடைமேடையில் பெட்டி இருந்தது, சிவப்பு எண்ணில் இருபத்தெட்டு தெரிந்தது. கண்ணாடிப் பெண் தங்க நிறப் பட்டையை நேராக்கிக்கொண்டிருந்தாள். அப்போது போன் அடித்தது. அந்த ஆஸ்பத்திரியின் தியேட்டர் சிஸ்டர்.

“அக்கா, கிளம்பிட்டீங்களா? காலையில சின்னதும் படுத்துருச்சு. வெந்த செட்டு ரெண்டுதான் இருந்துச்சு. ஒண்ணை இப்பதான் பிரசவக் கேஸுக்கு எடுத்தாங்க.”

கதவு மூடுகிறதா, அழுத்தம் எதுவரை ஏறி நிற்கிறது, சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று அக்கா ஒவ்வொன்றாகக் கேட்டார். சிஸ்டர் ஓடிப்போய்ப் பார்த்து வந்து சொன்னார். போனிலேயே சொல்லிக்கொடுத்துச் சரிசெய்கிற கோளாறாக இல்லை. வெளியூருக்குச் செட்டை அனுப்பி வேகவைத்து வாங்கலாமா என்றும் கேட்டுப் பார்த்தார். போய்வர ஐந்து மணி நேரம் ஆகுமாம். அதற்குள் இன்னும் இரண்டு பேர் வந்துவிட்டால் ஒருத்தரை எப்படித் திருப்பி அனுப்புவது என்று சிஸ்டர் கேட்ட குரலில் அழுகை இருந்தது. சுற்றிக்கொண்டு போனால் மாலை மூன்றரை. அக்கா போனைச் சட்டைப் பையில் போட்டார்.

“நேரா போறது எத்தனை மணிக்கும்மா?”

மூன்று வருடத்தில் இந்தக் கேள்வியை அவர் வாயிலிருந்து அந்தப் பெண் கேட்டதில்லை. எட்டு நாற்பது, பத்தேமுக்காலுக்குப் போய்ச் சேரும், ஓர் இடம் இருக்கிறது என்றாள். தங்க அட்டைக்கு அன்றன்று மாறுவதற்குக் கட்டணமும் இல்லை. சொல்லிக்கொண்டே திரையைப் பார்த்தவள் கை விசைப்பலகையில் நின்றது.

“அக்கா, இதுல போனீங்கன்னா முப்பத்தொன்பதுல நிக்கும்.”

“தெரியும்மா.”

நாளைக்குத் திரும்பும்போது மூன்று துண்டாகப் போட முடியுமா என்று அவளே தேடினாள். வழி இல்லை, எல்லா இடமும் நிரம்பியிருந்தது. பிறகு சீட்டுக் கட்டை இழுத்து, பேனாவை எடுத்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“நீங்க போக இருந்த ஒம்போது பத்து விமானம் எப்படியும் லேட்டாத்தான் கிளம்பும். அதனால நாங்களே உங்களை மாத்தினதா எழுதிடறேன். யாரு கேக்கப் போறாங்கக்கா? ஒரு எழுத்துதானே.”

ஆவியக்காவுக்கு ஆசை வராமல் இல்லை. நன்றாகவே வந்தது. பதினொரு மாதம் நான்கு மணிக்கு எழுந்து, பிளாஸ்டிக் நாற்காலிகளில் மூன்று மணி நேரம், நான்கு மணி நேரம் என்று குந்தியிருந்து சேர்த்த புள்ளிகள். சின்ன ஆஸ்பத்திரிக்காரர்களிடம் கூலியை ஏற்றிச் சொல்ல வேண்டிவரும் என்ற நினைப்பு வேறு. அந்தப் பெண்ணும் கெட்டது ஒன்றும் நினைக்கவில்லை. வந்த நாளில் தன் கண்ணெதிரே பார்த்த வித்தையை இன்றைக்கு அன்போடு திருப்பித் தருகிறாள். சீட்டில் ‘மா’ எழுதி, அடுத்து ‘ற’ எழுதி, அதன் தலையில் புள்ளியும் வைத்துவிட்டாள்.

அக்கா கையை நீட்டிச் சீட்டின் மேல் வைத்தார்.

“லேட்டுங்கிறதாலயா நான் மாறக் கேட்டேன்? சிஸ்டர் கூப்பிட்டாங்க, நான் மாறுறேன். மாறினதை மாறினதுன்னே எழுதும்மா. நீ போடுறது பேனாவால கோடு போடுற வேலை.”

பேனாக் கோட்டின் கதை அவளுக்குத் தெரியாது. விழித்தாள். அக்கா அவள் கையைத் தட்டிக் கொடுத்தார்.

“இன்னொரு நாள் நிஜமாவே உங்க ஆளுங்க என்னை மாத்துவாங்க. அப்ப இதே இடத்துல நின்னு நான் சண்டை போடணும்ல? அதுக்கு எனக்கு வாய் வேணும்.”

அந்தப் பெண் சீட்டைக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டாள். புதுச் சீட்டு எடுத்து, ‘மாறிய பயணி’ என்று எழுதி, முத்திரையை அழுத்திக் குத்தினாள். அக்கா அதைப் படித்துப் பார்த்து, இரண்டாக மடித்து வைத்துக்கொண்டு, எட்டு நாற்பதுக்கு ஓடினார்.

நேர் விமானத்தில் கடைசி வரிசை, நடு இருக்கை. பத்து நிமிடம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பிறகு முன்னிருக்கையின் பையிலிருந்து வாந்தி எடுக்கக் கொடுக்கும் காகிதப் பையை உருவி, அதன் மேல் எழுத ஆரம்பித்தார். பெரிய ஸ்பேனர்களை எதற்கு ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு அலைவது? அடிக்கடி போகிற மூன்று ஆஸ்பத்திரிகளில் ஒவ்வொரு செட்டை நிரந்தரமாகப் போட்டுவைக்கலாம். கதவு வளையங்களைக் கூரியரில் முன்கூட்டியே அனுப்பலாம். பெட்டி பதினைந்து கிலோவுக்கு வந்துவிடும், கூலியைப் பெரிதாக ஏற்ற வேண்டியிருக்காது. அட்டை கையில் இருந்த நான்கு வருடத்தில் இந்த யோசனை ஒரு நாளும் வரவில்லையே என்று தன்னையே திட்டிக்கொண்டார். விமானம் இறங்கும்போது காகிதப் பை இருபுறமும் நிறைந்திருந்தது.

சின்னப் பெட்டியின் கதவு வளையத்தில் விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு. அதை மாற்றி, வால்வைக் கழற்றித் துடைத்துப் பூட்டி, சோதனை மூட்டை ஒன்றை உள்ளே தள்ளி ஓட்டிப் பார்க்கும்போது மணி பன்னிரண்டரை. அதற்குள் கடைசிச் செட்டையும் எடுத்துவிட்டார்கள். அடுத்ததாக ஒரு கிரேன் ஓட்டுநர் நசுங்கிய கையோடு வெளியே காத்திருந்தார். பெட்டியின் அழுத்தம் இறங்கி ஓய்ந்ததும் சிஸ்டர் மூட்டையைக் கையுறையோடு எடுத்துக்கொண்டு வந்து அக்காவின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“பாத்துக்கங்க. மாறினதுதான்.”

கோடுகள் எல்லாம் ஒன்றுபோலக் கறுத்திருந்தன. அக்கா ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நிஜச் செட்டுகளை உள்ளே தள்ளச் சொல்லிவிட்டு, சோதனை மூட்டையிலிருந்த டேப்பை மெதுவாக உரித்து, அந்தக் காகிதப் பையில் ஒட்டி வைத்துக்கொண்டார். பிறகு பெரிய பெட்டியின் அடியில் படுத்தவர் சாயங்காலம்தான் எழுந்தார்.

மறுநாள் திரும்புகிற வழியில் தங்க அட்டைக்குரிய எதையும் அவர் விட்டுவைக்கவில்லை. அட்டை அன்று முழுக்கச் செல்லும்போது எதற்கு விட வேண்டும்? தங்க வரிசையில் நின்றார். எப்போதும் பூஜ்யம் போடுகிற முதலில் ஏறும் உரிமையைக்கூட அன்று எடுத்துக்கொண்டார். நடு ஊர் ஓய்வறையில் டிபன் டப்பாவைத் திறந்தபோது அந்தப் பரிமாறுகிறவர் தட்டைக் கொண்டுவந்து வைத்து, அடுத்த வருடமும் வருவீர்கள்தானே என்று கேட்டார். வருவேன், ஆனால் அந்தப் பக்கம் மரப்பெஞ்சில் இருப்பேன், நாற்பது சேர்ந்ததும் இந்தப் பக்கம் வருகிறேன் என்றார் அக்கா. போனில் வீட்டுக்காரருக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அவர், “பரவால்ல விடு. அடுத்த வருஷம் ரெண்டு பேருமா உக்காந்து சுத்துவழி தேடலாம்” என்றார். தான் வெளியே பயிற்சி வண்டியோடு நிற்பதாகவும் சொன்னார்.

மாலை வெயில் கண்ணாடிச் சுவர் வழியாகப் பெல்ட் மேல் விழுந்துகொண்டிருந்தது. சுற்றிலும் ஆட்கள் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார்கள். முதல் பெட்டியாக நசுங்கிய மூலையோடு அலுமினியப் பெட்டி வந்தது. ஆவியக்கா அதைத் தூக்கித் தரையில் வைத்து, மண்டியிட்டு, கைப்பிடியிலிருந்த தங்க நிறப் பட்டையின் கொக்கியைக் கழற்றினார். காகிதப் பையிலிருந்து கறுத்த டேப்பை உரித்து, பட்டை இருந்த இடத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி, நுனி எழும்பாதபடி கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார்.